விசிறிப் பெட்டியா, சுழல் சல்லடையா, குழி உருளையா, சுருள் சறுக்கா? பழைய தானியச் சுத்திகரிப்பு இயந்திரங்களில் எதை எடுப்பது

“கையால் சுற்றுகிற பழைய தூற்றுப் பெட்டி ஒன்று விலைக்கு வருகிறது. இன்னொரு இடத்தில், உள்ளே குழி குழியாக இருக்கும் இரும்பு உருளை ஒன்று கிடக்கிறது. அதுதான் நன்றாகப் பிரிக்கும் என்கிறார்கள். எதை எடுப்பது?”

இதே கேள்வி எனக்கு அடிக்கடி வருகிறது. கேட்பவர்களில் சிலர் விதையைத் தாங்களே சேர்த்து வைக்கிற சிறு விவசாயிகள். சிலர் சின்னதாக மாவு மில் வைத்திருப்பவர்கள். இன்னும் சிலருக்குப் பழைய கருவிகளைச் சீர்செய்து ஓடவைப்பதில் ஆசை. எல்லோரிடமும் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: உங்கள் தானியத்தில் கலந்திருப்பது என்ன?

“குப்பைதான்” என்று பதில் வரும். சிக்கலே அங்கேதான். பதரும் குப்பை, மண்ணும் குப்பை, களைவிதையும் குப்பை, உடைந்த மணியும் குப்பை. ஒன்றைப் பிரிக்கிற இயந்திரம் இன்னொன்றைக் கண்டுகொள்ளவே கண்டுகொள்ளாது. “கோதுமைக்கு எது நல்லது, உளுந்துக்கு எது நல்லது” என்று தானியத்தின் பெயரைச் சொல்லி இயந்திரம் தேடினால் ஏமாறுவீர்கள். குப்பையின் பெயரைச் சொல்லித் தேடுங்கள்.

## முதலில் ஒரு கைப்பிடி

இந்த வேலைக்குத் தமிழில் எத்தனை வினைச்சொற்கள் இருக்கின்றன பாருங்கள்: தூற்றுதல், புடைத்தல், சலித்தல், கொழித்தல், நாவுதல், தெள்ளுதல். இவை ஒரே வேலையின் ஆறு பெயர்கள் அல்ல. தூற்றும்போது காற்று பிரிக்கிறது. சலிக்கும்போது துளை பிரிக்கிறது. கொழிக்கும்போது கனம் பிரிக்கிறது. கல் ஒரு பக்கம் தங்க, மணி ஒரு பக்கம் நகர்கிறது. முறம் பிடித்துப் பழகிய கை இவற்றை நொடிக்கு நொடி மாற்றி மாற்றிச் செய்யும். இயந்திரத்துக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. ஒரே ஒரு வினைச்சொல்லை எடுத்துக்கொண்டு அதையே நாள் முழுக்கச் செய்யும். உங்களுக்கு எந்த வினைச்சொல் தேவை என்று தெரிந்துவிட்டால் பாதி முடிவு ஆகிவிட்டது.

அதைக் கண்டுபிடிக்கச் செலவே இல்லை. களத்திலிருந்து வந்தபடியே ஒரு கைப்பிடி எடுத்து வெள்ளைத் தாளில் பரப்புங்கள். மேசை விசிறிக்கு முன்னால் இன்னொரு கைப்பிடியை மெல்ல உதிர்த்து, எது பறக்கிறது, எது நேரே விழுகிறது என்று பாருங்கள். விழுந்ததைத் தாளோடு சாய்த்தால் உருண்டையான விதைகள் முந்திக்கொண்டு ஓடும், தட்டையானவை தங்கும். கடைசியாக நல்ல மணி ஒன்றையும் களைவிதை ஒன்றையும் பக்கத்தில் பக்கத்தில் படுக்கவைத்து நீளத்தை ஒப்பிடுங்கள். பத்து நிமிட வேலை.

அப்புறம்தான் இயந்திரத்தைப் பற்றிப் பேச்சு. நான் எடைபோடுவது இந்த ஐந்தை வைத்து:

- எந்த வேறுபாட்டை அது பிடிக்கிறது: காற்றில் மிதப்பதையா, அகலத்தையும் தடிமனையுமா, நீளத்தையா, உருண்டையையா?
- யார் சுற்றுவது? ஒரு ஆள் மணிக்கணக்காகக் கையால் சுற்றும்போது கிடைக்கிற சக்தி சுமார் 75 வாட்தான்.
- குப்பையோடு எவ்வளவு நல்ல மணி வெளியே போகிறது?
- பயிர் மாறினால் ஒரு சட்டத்தை மாற்றினால் போதுமா, இயந்திரத்தையே மாற்ற வேண்டுமா?
- பழசைத் திரும்ப ஓடவைக்க எவ்வளவு வேலை பிடிக்கும்?

ஐந்தாவதைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்.

## விசிறிப் பெட்டி

மரப்பெட்டி. உள்ளே நாலைந்து பலகை பொருத்திய விசிறி. மேலே தானியம் கொட்டுகிற தொட்டி. பக்கத்தில் கைப்பிடி. காற்றுக்குக் குறுக்கே தானியம் விழும்போது பதர் தூரப் போகிறது, மணி கீழே இறங்குகிறது. இதில் மூத்தவர்கள் சீனர்கள். ஹான் அரச வம்சக் காலத்துக் கல்லறைகளில் இந்தப் பெட்டியின் மண் பொம்மைகளே கிடைத்திருக்கின்றன. அதாவது ஏறக்குறைய 2000 ஆண்டுப் பழக்கம். 1313-இல் வாங் ஜென் எழுதிய வேளாண் நூலில் படமும் இருக்கிறது. ஐரோப்பாவுக்கு இது வந்து சேர்ந்தது 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான். 1710-இல் ஜேம்ஸ் மெய்க்கிள் என்ற தச்சர் ஆலைத் தொழிலைப் பார்த்துவர ஸ்காட்லாந்திலிருந்து ஹாலந்துக்கு அனுப்பப்பட்டார். திரும்பியபோது விசிறியையும் கொண்டுவந்தார். கடவுள் தரும் காற்று இருக்க, இது சாத்தானின் காற்று என்று அங்கே சில மதப் பற்றாளர்கள் எதிர்த்தார்கள். ‘காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்’ என்ற பழமொழி நமக்கும் இருக்கிறது. காற்றுக்காகக் காத்திருக்கிற வேலையைத்தான் இந்தப் பெட்டி ஒழித்தது.

இது ஏன் வேலை செய்கிறது? கீழே விழுகிற எந்தப் பொருளையும் அந்தரத்தில் நிறுத்திவைக்க ஒரு காற்று வேகம் தேவை. கோதுமை மணிக்கு அது நொடிக்குச் சுமார் 7 முதல் 10 மீட்டர். உமிக்கும் சண்டு என்கிற வைக்கோல் தூசிக்கும் 1 முதல் 3 மீட்டர் போதும். நடுவில் இவ்வளவு பெரிய இடைவெளி இருப்பதால், ஓரளவு சுமாரான பெட்டிகூடப் பதரை நன்றாகவே விரட்டிவிடும். ஆனால் பால் பிடிக்காத சாவி மணிக்கும் முற்றிய மணிக்கும் இடையில் அந்த இடைவெளி குறைவு. அங்கேதான் கைப்பக்குவம் வேண்டும்.

கைப்பக்குவம் என்றதும் ஒரு விஷயம். கைப்பிடியைச் சுற்றும்போது கீழே அழுத்துகிற அரைச் சுற்று வேகமாகவும், மேலே தூக்குகிற அரைச் சுற்று மெதுவாகவும் போகும். விசிறி பல்சக்கரத்தால் பல மடங்கு வேகமாகச் சுழல்வதால் அந்த ஏற்ற இறக்கம் காற்றிலும் தெரியும். வெளியே விழுந்த கூளக் குவியலைப் பாருங்கள்: நல்ல மணி சீராகச் சிதறியிருக்காது, விட்டு விட்டு வரி வரியாகக் கிடக்கும். வேகமான அரைச் சுற்றில் பறந்தவை அவை. பளுவான சக்கரம் ஒன்று அச்சில் இருந்தால் இது பெரிதும் சமனாகும். சக்கரம் இல்லாத பெட்டி என்றால் ஆள் மாறும்போதெல்லாம் சுத்தமும் மாறும்.

விசிறி மட்டும் உள்ள பெட்டி, விசிறியோடு ஆட்டுச் சல்லடையும் உள்ள பெட்டி என்று இதில் இரண்டு வகை உண்டு. இரண்டாவது கிடைத்தால் யோசிக்காமல் அதை எடுங்கள். மேல் சல்லடை வைக்கோல் தாளையும் கதிர்த் துண்டையும் தடுக்கும், கீழ்ச் சல்லடை மண்ணையும் சிறு களைவிதையையும் இறக்கிவிடும். இங்கே ஒரு நுணுக்கம். வட்டத் துளை மணியின் அகலத்தை அளக்கும், நீள்துளை தடிமனை அளக்கும். நீளமான மணி வட்டத் துளையில் இறங்க வேண்டுமானால் நிமிர்ந்து நிற்க வேண்டும்; அதற்குச் சல்லடை அதைக் கொஞ்சம் தூக்கிப்போட வேண்டும். நீள்துளையில் மணி பக்கவாட்டில் சரிந்தே இறங்கிவிடும், மென்மையான ஆட்டம் போதும். சூம்பிய மணியை நீக்க நீள்துளை, பெரிய குப்பையைத் தடுக்க வட்டத் துளை. இது தெரியாமல் “சல்லடை சரியில்லை” என்று பெட்டியைத் திட்டுபவர்கள் நிறைய.

மறைமுகச் செலவு என்றால் முதலில் சல்லடைதான். நான் முதன்முதலில் வாங்கிய பெட்டியை விற்றவர் “முழுசா இருக்கு” என்றார். வீட்டுக்கு வந்து திறந்தால் உள்ளே ஒரே ஒரு சட்டம், அதுவும் என் பயிருக்குச் சம்பந்தமில்லாத பெரிய துளை. பெட்டிக்குக் கொடுத்ததைவிடச் சல்லடைகளுக்குத்தான் அதிகம் கொடுத்தேன். பழைய பெட்டிகளின் சட்ட அளவுகள் ஒன்றுக்கொன்று பொருந்துவதில்லை. மரச்சட்டம் செய்பவரைப் பிடித்து அளவெடுத்துத்தான் போட வேண்டியிருக்கும்.

இரண்டாவது தூசி. இந்தப் பெட்டிகள் காற்றை உறிஞ்சுவதில்லை, ஊதித் தள்ளுகின்றன. அறைக்குள் ஓட்டினால் தூசி முழுவதும் உங்கள் நுரையீரலுக்கு. திறந்த வெளியில், இயற்கைக் காற்று போகிற திசையிலேயே கூளவாய் இருக்கும்படி வைத்து, முகக்கவசத்தோடு ஓட்டுங்கள். மூன்றாவது பெயின்ட். பழைய சிவப்புப் பெயின்டில் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம். உலர்ந்த நிலையில் தேய்த்துச் சுரண்டக் கூடாது. உணவுத் தானியம் படுகிற இடங்களில் அது உரிந்து கொட்டுகிறதென்றால் அந்தப் பலகையையே மாற்றுவது மேல்.

எப்போது இதுதான் சரி? பயிர் அடிக்கடி மாறுகிறது, குப்பையில் பெரும்பகுதி பதர், சண்டு, தாள், மண் என்றால் வேறு எதையும் பார்க்க வேண்டாம்.

## சுழல் சல்லடை

சாய்வாகப் படுத்திருக்கிற வலை உருளை. மேல் முனையில் தானியம் நுழைந்து, உருண்டுகொண்டே கீழ் முனைக்கு வருகிறது. வழியில் நுண்ணியது முதல் பகுதியில் விழும், அடுத்த அளவு அடுத்த பகுதியில், பெரியது கடைசி வாயில். மாவு ஆலைகளோடு வளர்ந்த இயந்திரம் இது. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்காவில் ஆலிவர் எவன்ஸ் அமைத்த தானியங்கி ஆலையில், அரைக்கும் கல்லுக்குப் போகுமுன் கோதுமையைச் சுத்தம் செய்ய உருள் சல்லடையும் விசிறியும் சேர்ந்தே இருந்தன. பின்னால் 19-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் லிங்கன் நகரத்துப் பென்னி நிறுவனம், கம்பிச் சுருளின் இடைவெளியையே கூட்டிக் குறைக்கும்படி ஒன்றைச் செய்தது. ஒரே உருளையில் துளையை மாற்றிக்கொள்ளலாம். அப்படிப்பட்டது கம்பி வளையாமல் கிடைத்தால் விடாதீர்கள்.

இதை மக்கள் குறைத்தே மதிப்பிடுகிறார்கள் என்பது என் எண்ணம். ஆட்டமில்லை, அதிர்வில்லை. ஆட்டுச் சல்லடைப் பெட்டி ஒரு பருவம் ஓடினால் ஆணிகள் தளரும், மூட்டுகள் விடும். இது பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருக்கும். மேலே ஒரு தூரிகை உருளை இருந்தால் துளையில் மாட்டிய மணிகளைத் தள்ளிவிட்டுக்கொண்டே இருக்கும். மணியை அளவு வாரியாகப் பிரிக்க, அதாவது பருத்த மணி விதைக்கு, நடுத்தரம் உணவுக்கு, சிறியது தீவனத்துக்கு என்று வகைபிரிக்க, இதைவிட அமைதியான வழி இல்லை.

குறை? வலைப்பரப்பில் கீழ்ப்பகுதி மட்டும்தான் எந்த நேரமும் தானியத்தைத் தொடுகிறது. மீதி சும்மா சுற்றுகிறது. அதனால் உருவத்தோடு ஒப்பிட்டால் வேலை குறைவு. நீளமாக இடத்தை அடைக்கும். காற்று இல்லாததால் மணியளவே உள்ள சாவியும் பதரும் மணியோடு கூடவே வந்துவிடும். கம்பி வலை துருப்பிடித்திருந்தாலோ நசுங்கியிருந்தாலோ ஒரு துளை பெரிதானாலும் போச்சு, வகைபிரித்ததற்கே அர்த்தமில்லை. வளைந்த பரப்புக்கு வலை கட்டுவது தட்டைச் சட்டத்தில் அடிப்பது போல எளிதல்ல.

ஏற்கெனவே தூற்றிய தானியம் கையில் இருக்கிறது, அளவுப்படி பிரிக்க வேண்டும் என்பவர்களுக்கு இது. களத்திலிருந்து நேரே கொட்டுபவர்களுக்கு அல்ல.

## குழி உருளை

இதன் மீதுதான் எல்லோருக்கும் மோகம். பளபளக்கிற உலோக உருளை, உட்புறம் தேன்கூடு போல ஆயிரக்கணக்கான குழிகள், நடுவில் ஒரு வாய்க்கால். பார்த்தால் கையெடுக்க மனம் வராது. 1840-களில் பிரான்சின் லியோன் நகரைச் சேர்ந்த வாஷோன் குடும்பம் இதை உருவாக்கியது. அதற்கு முன்புவரை எந்த இயந்திரமும் செய்யாத ஒன்றை இது செய்தது: நீளத்தை அளந்தது.

நீளம் ஏன் அவ்வளவு முக்கியம்? ஐரோப்பியக் கோதுமை வயல்களில் கார்ன் காக்கிள் என்றொரு களை. விதை நச்சு. அகலத்தில் கோதுமை மணிக்குச் சமமாகவே இருக்கும், கனமும் அருகருகே. விசிறி ஏமாறும், சல்லடையும் ஏமாறும். ஆனால் கோதுமை மணி 5 முதல் 8 மில்லிமீட்டர் நீளம்; காக்கிள் விதை ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் உருண்டை. உருளை சுழலும்போது குட்டை விதை குழிக்குள் முழுசாக அமர்ந்து உயரம்வரை போய் வாய்க்காலில் விழுகிறது. நீள மணி குழியில் நிற்காமல் சீக்கிரமே வழுக்கி அடியில் விழுந்து, உருளையின் அடுத்த முனைக்கு நகர்கிறது. அந்தக் களை மண்ணில் நெடுநாள் காத்துக்கிடக்கிற வகை இல்லை. விதைத் தானியத்தோடு கலந்து ஒவ்வொரு ஆண்டும் மனிதர் கையாலேயே விதைக்கப்பட்டுத்தான் உயிர்வாழ்ந்தது. விதைச் சுத்திகரிப்பு பரவியதும் பல நாடுகளில் அரிதாகிவிட்டது. ஒரு செடியையே வயலைவிட்டு விரட்டியதில் பெரும்பங்கு இந்த வகை இயந்திரத்துக்கு உண்டு.

சரி, அப்படியானால் ஏன் எல்லோருக்கும் இதைச் சொல்வதில்லை?

முதல் காரணம், குழியின் அளவு. கோதுமையிலிருந்து காக்கிள் போன்ற குறுவிதையை எடுக்கச் சுமார் 5 மில்லிமீட்டர் குழி. கோதுமையிலிருந்து காட்டு ஓட்ஸ் போன்ற நீள விதையை நீக்க வேண்டுமானால் சுமார் 9 மில்லிமீட்டர் குழி; அங்கே குழியில் ஏறுவது கோதுமை, தங்குவது ஓட்ஸ். குழியைப் பெரிதாக்கவோ சிறிதாக்கவோ முடியாது. பயிர் மாறினால், ஏன், களை மாறினாலே உருளை மாற வேண்டும். விற்கிறவரிடம் குழி அளவைக் கேட்டால் “எல்லாத்துக்கும் ஆகும்” என்பார். எல்லாத்துக்கும் ஆகிற குழி கிடையாது. உங்கள் மணிகளையும் களைவிதைகளையும் கையோடு எடுத்துப்போய்க் குழியில் உட்காரவைத்துப் பாருங்கள்.

இரண்டாவது காரணம் இன்னும் மறைவானது. குறுவிதை எடுக்கும்போது நூற்றில் ஒன்றிரண்டு விதையைத்தான் தூக்க வேண்டும். நீளவிதை நீக்கும்போது மொத்தக் கோதுமையையும், மணி மணியாக, குழியில் ஏற்றி வாய்க்காலில் போட வேண்டும். அதே உருளைதான், வேலையின் வேகம் பல மடங்கு குறைந்துவிடும். “ஒரு மணி நேரத்துக்கு இவ்வளவு” என்று யாராவது சொன்னால், எதைத் தூக்கும்போது என்று கேளுங்கள்.

மூன்றாவது, வேகமாகச் சுற்றி ஈடுகட்ட முடியாது. 50 சென்டிமீட்டர் விட்டமுள்ள உருளையை நிமிடத்துக்கு 60 சுற்று சுற்றினால் மணிகள் சுவரோடு ஒட்டிக்கொண்டு விழவே விழாது. அதில் பாதியை ஒட்டி, 30-35 சுற்றில்தான் அது பிரிக்கும். ஆர்வத்தில் வேகமாகச் சுற்றுபவர்கள் இரண்டு வாயிலும் ஒரே கலவையைப் பார்த்துவிட்டு இயந்திரத்தைக் குறைசொல்வார்கள்.

வாய்க்காலின் விளிம்பை உயர்த்தலாம், தாழ்த்தலாம். அதுதான் இதில் உள்ள ஒரே திருத்தம். உயர்த்தினால் மிகக் குட்டையானவை மட்டும் உள்ளே விழும். தாழ்த்தினால் களை முழுவதும் போகும், கூடவே கட்டையான நல்ல மணியும் போகும். உடைந்த மணியும் குட்டைதான் என்பதால் அதுவும் வாய்க்காலுக்குப் போகும். விதைக்கு அது லாபம். மாவுக்கு என்றால் நஷ்டம், அதைத் திரும்பச் சலித்து எடுக்க வேண்டும். குழிகளின் விளிம்பு தேய்ந்து மழுங்கியிருந்தால் பிடிமானம் போய்விடும், அதைச் சீர்செய்ய வழியில்லை. துருவும் மாவுத்தூளும் அடைத்த குழியைச் சுத்தம் செய்யலாம், ஒவ்வொன்றாக. ஒரு மழைக்காலம் முழுக்க வேண்டும்.

ஆக, ஒரே பயிரை ஆண்டுதோறும் விதைக்காகப் போடுகிறீர்கள், தொல்லை கொடுக்கிற களை ஒன்றுதான், அது நீளத்தில் மட்டும் வேறுபடுகிறது என்றால் இதற்கு ஈடு இல்லை. மற்றவர்களுக்கு இது அழகான காட்சிப்பொருள்.

## சுருள் சறுக்கு

நடுக்கம்பத்தைச் சுற்றித் தகடு சுருண்டு இறங்குகிறது. மேலே கொட்டினால் உருண்டை விதை வேகம் பிடித்து வெளிச்சுற்றுக்குத் தாண்டும். தட்டையானது உள்சுற்றிலேயே வழுக்கி இறங்கும். கைப்பிடி இல்லை, பல்சக்கரம் இல்லை, நகர்கிற பாகமே இல்லை.

பட்டாணி, சோயா, கடுகு போன்ற உருண்டைப் பயிரிலிருந்து உடைசலையும் தட்டை விதையையும் நீக்க, அல்லது கோதுமையிலிருந்து காட்டுப் பயறு போன்ற உருண்டைக் களைவிதையை நீக்க இது மிக மலிவான வழி. கம்பம் சரியாக நிமிர்ந்து நிற்க வேண்டும். கொஞ்சம் சாய்ந்தாலும் பிரிப்பு கெடும். தகட்டில் தூசி படிந்தாலோ, யாராவது அழகுக்குப் பெயின்ட் அடித்து வைத்திருந்தாலோ வழுக்கல் மாறிவிடும். மூட்டையை மேலே தூக்கிக் கொட்ட வேண்டியது உங்கள் முதுகுதான். நீள்மணிப் பயிர் மட்டும் செய்பவர், அதில் உருண்டைக் களை இல்லாதவர், இதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

## ஒரு பார்வையில்

| | விசிறிப் பெட்டி (சல்லடையோடு) | சுழல் சல்லடை | குழி உருளை | சுருள் சறுக்கு |
|---|---|---|---|---|
| எதை அளக்கிறது | காற்றில் மிதப்பு, அகலம், தடிமன் | அகலம், தடிமன் | நீளம் | உருண்டை |
| நன்றாக நீக்குவது | பதர், சண்டு, தாள், மண் | மண், சிறுவிதை. மணியை வகைபிரித்தல் | காக்கிள், உடைசல், காட்டு ஓட்ஸ் | காட்டுப் பயறு. உருண்டைப் பயிரில் உடைசல் |
| தப்பவிடுவது | மணிக்குச் சமமான களைவிதை | சாவி, பதர் | மணியளவு நீளமுள்ள எதையும் | உருளாத எதையும் |
| பயிர் மாறினால் | சட்டம் மாற்றினால் போதும் | வலை மாற்ற வேண்டும் | உருளையே மாற வேண்டும் | ஓரளவுதான் பொருந்தும் |
| மறைமுகச் செலவு | காணாமல்போன சல்லடை, தூசி, ஈயப் பெயின்ட் | வளைந்த வலை, இடம் | தேய்ந்த குழி, மெதுவான ஓட்டம் | உயரே தூக்குதல் |
| சுற்றும் உழைப்பு | அதிகம் | குறைவு | குறைவு, ஆனால் நெடுநேரம் | இல்லை |

## இரண்டு வாங்க முடிந்தால்

வரிசை முக்கியம். எப்போதும் காற்றும் சல்லடையும் முதலில், நீளமோ உருண்டையோ பிறகு. தூற்றாத தானியத்தைக் குழி உருளையில் போட்டால் தாள் துண்டு குறுக்கே கிடந்து மணிகளை இழுத்துக்கொண்டு போகும், தூசி குழியை அடைக்கும். அதனால் விசிறிப் பெட்டி இல்லாமல் குழி உருளை மட்டும் வாங்குவது, அடித்தளம் இல்லாமல் மாடி கட்டுகிற வேலை. விசிறிப் பெட்டியோடு சுருள் சறுக்கு என்பது, பயறு வகைகளும் கலந்து பயிர் செய்பவருக்கு நான் சொல்லும் ஜோடி. விசிறிப் பெட்டியோடு சுழல் சல்லடை, சின்ன மில் வைத்திருப்பவருக்கு.

இரண்டு மூன்று மூட்டை மட்டும்தான் விளைகிறது என்றால் ஒன்றுமே வாங்காதீர்கள். நல்ல மேசை விசிறி ஒன்று, வட்டத் துளையிலும் நீள்துளையிலும் கைச்சல்லடை ஒவ்வொன்று, ஒரு மாலை நேரம். இயந்திரத்தைச் சீர்செய்கிற நேரத்தில் அந்த மூட்டைகளைப் பத்துமுறை சுத்தம் செய்துவிடலாம்.

இந்த நான்குக்கும் பிடிபடாத குப்பைகளும் உண்டு. மணியளவே உள்ள கல் அதில் முதலாவது. சல்லடை அதை விட்டுவிடும், குழியும் விட்டுவிடும். கனமாக இருப்பதால் விசிறிப் பெட்டியில் விசிறிக்கு மிக அருகே விழும். அந்த இடத்தில் ஒரு தடுப்புப் பலகை வைத்தால் கொஞ்சம் பிரியும், முழுதாகப் பிரியாது. கொழிக்கத்தான் வேண்டும். காட்டு வெள்ளைப்பூண்டின் சிறு குமிழ்கள் இன்னொரு வேடிக்கை. பச்சையாக இருக்கும்போது கோதுமையளவு, கோதுமைக் கனம். தானியத்தை நன்றாகக் காயவைத்தால் குமிழ் நீரிழந்து லேசாகிவிடும், அப்போது விசிறி தூக்கிப் போட்டுவிடும். எர்காட் பூஞ்சையின் கறுப்புக் கட்டிகள் நச்சு. மணியோடு ஒத்த அளவில் இருந்தால் இயந்திரத்தை நம்பாமல், விதைக்கான தானியத்தைச் செறிவான உப்புக் கரைசலில் போட்டு மிதப்பவற்றை வழித்தெடுத்து, பிறகு நல்ல தண்ணீரில் கழுவி உடனே காயவைப்பது பழைய, நம்பகமான முறை.

## வாங்கப் போகும்போது

கைப்பிடியை முதலில் மெதுவாக ஒரு முழுச் சுற்று சுற்றுங்கள். எங்காவது இறுகி, எங்காவது தளர்ந்தால் அச்சு வளைந்திருக்கிறது அல்லது தாங்கி தேய்ந்திருக்கிறது. விசிறிப் பலகையை விரலால் தட்டுங்கள். புழு அரித்த மரம் பொத்தென்று ஒலிக்கும். அப்படிப்பட்ட பலகை வேகத்தில் உடைந்து பறக்கும், விளையாட்டல்ல. பல்சக்கரமும் பட்டையும் மூடியில்லாமல்தான் இருக்கும், பழைய காலத்து வழக்கம் அது. வீட்டில் பிள்ளைகள் இருந்தால் முதலில் அதற்கு ஒரு தகட்டு மூடி.

மூலைகளில் டார்ச் அடித்துப் பாருங்கள். போன பருவத்து விதை இடுக்கில் ஒளிந்திருக்கும். உணவுக்கென்றால் பரவாயில்லை. ரகம் மாறாமல் விதை சேர்ப்பவருக்கு அந்த நாலு விதையே அடுத்த ஆண்டு வயலில் தலைகாட்டும். எல்லா மூலைக்கும் தூரிகை எட்டுகிற பெட்டியா என்று பாருங்கள். எட்டாததை விதை ரகத்துக்கு எடுக்காதீர்கள்.

கடைசியாக, பேரம் பேசுவதற்கு முன்னால், உங்கள் தானியத்தில் ஒரு வாளி அழுக்கோடு அப்படியே கொண்டுபோய் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். விற்பவர் நல்ல மணி விழுகிற வாயைத்தான் காட்டுவார். நீங்கள் கூளம் விழுகிற பக்கம் போய்க் குனிந்து ஒரு கை அள்ளி, உள்ளங்கையில் ஊதிப் பாருங்கள். ஊதிய பிறகும் கையில் எத்தனை மணி நிற்கிறதோ, அதற்கேற்ப விலையைக் குறைத்துக் கேளுங்கள்.